காணாமல் போனவர்களின் கணக்கு: மலாவி கிராமங்களில் எச்.ஐ.வி. சிகிச்சை, 2001–2016

ஆப்பிரிக்கர்களுக்கு மணி பார்த்து மாத்திரை சாப்பிடத் தெரியாது என்ற பொருளில் 2001இல் பேசினார் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமைத் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ். அதே ஆண்டு பிப்ரவரியில் மும்பை சிப்லா நிறுவனம், ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் 10,000 டாலருக்கு மேல் விலைபோன எச்.ஐ.வி. மும்மருந்துக் கூட்டை எம்.எஸ்.எஃப். மருத்துவ அமைப்புக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. விலை இறங்கத் தொடங்கியது. சந்தேகம் மட்டும் நீடித்தது.

அந்தச் சந்தேகத்துக்குப் பதில் தெற்கு மலாவியின் சிராட்சுலு என்ற கிராமப்புற மாவட்டத்திலிருந்து வந்தது. அங்கே எம்.எஸ்.எஃப். சிகிச்சை அளித்த 1,308 பேரின் விவரம் 2006இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. சராசரியாக எட்டு மாதங்களுக்குப் பிறகு 74% பேர் சிகிச்சையில் தொடர்ந்தனர்; 19% பேர் இறந்திருந்தனர்; 7% பேர் தொடர்பில் இல்லை. ஆறு மாதம் தாண்டியவர்களில் ரத்தப் பரிசோதனை செய்யப்பட்ட 398 பேரில் 84% பேருக்கு வைரஸ் அளவு 400க்கும் கீழே, அதாவது மருந்து வைரஸை அடக்கியிருந்தது. மணி பார்க்கத் தெரியாதவர்கள் என்ற பேச்சு இத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த 19 சதவீதத்தை அப்படித் தாண்டிப் போக முடியாது. உடல் கரைந்து, காசநோயோடு, கடைசிக் கட்டத்தில் வந்து சேர்ந்தவர்கள் பலர். பக்கத்து மாவட்டமான தயோலோவிலும் இறப்புகளில் பாதிக்கு மேல் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே நிகழ்ந்தன. மருந்து தோற்றது என்பதைவிட, மருந்து கைக்கு வரத் தாமதமானது என்பதே பொருத்தம்.

2004இல் மலாவி அரசு இலவச சிகிச்சையை நாடெங்கும் விரித்தபோது காசநோய்த் திட்டத்தின் நடைமுறையை அப்படியே எடுத்துக்கொண்டது. டாக்டர்கள் சொற்பம் என்பதால் கிளினிக்கல் ஆஃபீசர்களும் நர்சுகளும் சிகிச்சையை நடத்தினர். நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணும் சி.டி.4 பரிசோதனை இல்லாத இடங்களில், மருந்து தொடங்க நோய்க்குறிகளே போதும் என்றாயிற்று. முதல் இரண்டு வாரம் காலையில் மும்மருந்து மாத்திரை, மாலையில், மூன்றில் ஒவ்வாமை தரக்கூடிய நெவிரபின் இல்லாத இருமருந்து மாத்திரை. ஒவ்வாமை இல்லையென்றால் அதன்பின் இருவேளையும் மும்மருந்து. எழுத்தறியாதவருக்கும் சொல்லிப் புரியவைக்கக்கூடிய முறை. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, மையத்துக்கு ஒரு பதிவேடு, காலாண்டுக்கு ஒருமுறை மேற்பார்வைக் குழு வந்து எண்ணிப் பார்க்கும்: உயிருடன் சிகிச்சையில், இறந்தவர், வராதவர், நிறுத்தியவர், வேறு மையத்துக்கு மாறியவர்.

என் பார்வையில், இந்த வரலாற்றின் முக்கியமான ஆவணம் ‘வராதவர்’ பத்திதான். வடக்கு மலாவியில் அப்படிக் குறிக்கப்பட்டவர்களைத் தேடிச் சென்ற ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. அவர்களில் பாதிப் பேர் இறந்திருந்தனர். சிலர் சொல்லாமல் வேறு மையத்துக்குப் போயிருந்தனர். உயிரோடிருந்து மருந்தை விட்டவர்கள் முக்கியமாகச் சொன்ன காரணம் பயணச் செலவு. மாத்திரை இலவசம், வண்டிச் சத்தம் இலவசமில்லை. ஆக, பதிவேட்டின் இறப்பு விகிதம் உண்மையைவிடக் குறைவு. ‘பொறுப்பில்லாதவர்’ என்ற முத்திரையும் பெரும்பாலும் தவறு. சிகிச்சையை மாவட்ட மருத்துவமனையிலிருந்து கிராமச் சுகாதார நிலையங்களுக்கு இறக்குவதற்கான வாதம் இங்கே வலுத்தது.

2011இல் மலாவி இன்னொரு படி முன்னே சென்றது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எச்.ஐ.வி. உறுதியானால், சி.டி.4 எவ்வளவு என்று பாராமல் ஆயுள் முழுவதும் சிகிச்சை. உலகிலேயே முதலில் இதைத் தேசியக் கொள்கையாக்கிய நாடு அது. சேர்ந்தவர்கள் எண்ணிக்கை மளமளவென உயர்ந்தது. ‘வராதவர்’ பத்தியும் கூடவே மாறியது. 2014இல் வெளியான ஆய்வின்படி, இக்கொள்கையில் சேர்ந்த பெண்களில் 17% பேர் ஆறு மாதத்தில் தொடர்பில் இல்லை. கர்ப்ப காலத்தில் தொடங்கியவர்கள் முதல் வருகைக்குப் பின் திரும்பாமலே போகும் வாய்ப்பு, தம் நோய்க்காகத் தொடங்கியவர்களைவிட ஐந்து மடங்கு.

முன்பு அந்தப் பத்தியில் இருந்தவர்களில் பாதிப் பேர் இறந்தவர்கள். புதிய கொள்கைக்குப் பின் அதில் உடல்நலத்தோடிருந்த இளம்பெண்களும் சேர்ந்தனர். படுக்கையிலிருந்து எழுந்தவருக்கு மருந்தின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கர்ப்பப் பரிசோதனைக்கு வந்த இடத்தில் நோய்ச் செய்தியையும் ஆயுளுக்கான மாத்திரையையும் ஒரே நாளில் பெற்று, கணவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வீடு திரும்புகிறவளின் நிலை வேறு. 2016இல் தொற்று உள்ள அனைவருக்கும் உடனடி சிகிச்சை என்று கொள்கை விரிந்தபோது, நோய்க்குறியே இல்லாமல் மாத்திரை தொடங்கும் இந்த நிலை ஆண்களுக்கும் பொதுவாயிற்று.