வருகைக் கணக்கிலிருந்து வந்த காரியத்துக்கு: வணிக இணையதளங்கள் வாடிக்கையாளர் கருத்தைக் கேட்டறிந்த வரலாறு

முன்னுரை

வணிக இணையதளத்தின் தரத்தை அதைப் பயன்படுத்துவோரிடமே கேட்டறிய வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. ஆனால் எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்பவற்றில் கடந்த முப்பது ஆண்டுகளில் நிலைப்பாடுகள் பலமுறை மாறியுள்ளன. எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கில் தொடங்கி, வந்தவர்கள் நிறைவடைந்தார்களா என்ற அளவுகோல்களைக் கடந்து, வந்த காரியம் முடிந்ததா என்ற கேள்விக்கு இத்துறை வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சியை அதன் முக்கியக் கட்டங்களின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். தளத்தைத் திருத்துவதற்கு மூன்றாவது கேள்வியே நேரடியாக வழிகாட்டுகிறது என்பது இதன் வாதம்.

இணையத்துக்கு முந்தைய வேர்கள்

கருத்துக் கேட்கும் கருவிகள் இணையத்தோடு பிறந்தவை அல்ல. ஒரு கூற்றை எந்த அளவுக்கு ஏற்கிறோம் என்பதைப் படிநிலைகளில் குறிக்கச் செய்யும் முறையை அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் வெளியிட்டார். இங்கிலாந்தில் டிஜிட்டல் எக்யூப்மெண்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் புரூக், 1986-இல் அதே முறையில் ‘சஸ்’ என்ற கேள்வித்தாளை உருவாக்கினார். கணினி அமைப்பு ஒன்று பயன்படுத்த எவ்வளவு எளிதாக உள்ளது என்பதை அளப்பது அதன் வேலை.

சஸ் கேள்வித்தாளில் பத்துக் கூற்றுகள் உள்ளன. ஒற்றைப்படை எண் கொண்டவை அமைப்பைப் பாராட்டும். இரட்டைப்படை எண் கொண்டவை குறை சொல்லும். எதையும் படிக்காமல் ஒரே பக்கமாக டிக் அடித்துப் போவோரைச் சமன்செய்யவே இந்த ஏற்பாடு. ஒற்றைப்படைக் கூற்றின் மதிப்பெண்ணிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படைக் கூற்றின் மதிப்பெண்ணை 5-இலிருந்து கழிக்க வேண்டும். கூட்டுத்தொகையை 2.5-ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரையிலான மதிப்பெண் கிடைக்கும். புரூக் இதனை 1996-இல் அச்சில் வெளியிட்டபோது இணையம் பரவத் தொடங்கியிருந்தது. தள ஆய்வாளர்கள் உடனே எடுத்தாளத் தக்க கருவியாக இது அமைந்தது.

வணிகவியல் துறையிலிருந்து வந்த மற்றொரு வேர் ‘சர்வ்குவால்’. சென்னை ஐஐடியில் படித்து அமெரிக்காவில் பேராசிரியரான ஏ. பரசுராமன், வலேரி ஸைதாமல், லெனார்ட் பெரி ஆகிய மூவரும் 1988-இல் வெளியிட்ட 22 கூற்றுகள் கொண்ட அளவுகோல் இது. வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும் அவருக்குக் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியே சேவையின் தரத்தைக் காட்டும் என்பது இதன் அடிப்படை. ஊழியரின் கனிவு, அக்கறை போன்றவற்றை இது அளந்தது. ஊழியரே கண்ணில் படாத இணையதளத்துக்கு இது அப்படியே பொருந்தவில்லை. எனவே 2005-இல் பரசுராமன், ஸைதாமல், அரவிந்த் மல்ஹோத்ரா ஆகியோர் ‘இ-எஸ்-குவால்’ என்ற புதிய அளவுகோலை வடிவமைத்து, அமேசான், வால்மார்ட் தளங்களின் வாடிக்கையாளர்களிடம் சோதித்தனர். செயல்திறன், சொன்னபடி பொருளைச் சேர்ப்பித்தல், தளம் தடையின்றி இயங்குதல், தனியுரிமை ஆகிய நான்கும் அதில் அளவைகளாயின.

ஹிட் கணக்கும் முதல் படிவங்களும்

தொடக்ககால இணையதளங்களுக்குக் கிடைத்த ஒரே சான்று சர்வரின் பதிவேடுதான். அதில் பதிவான ‘ஹிட்’ எண்ணிக்கையை நிறுவனங்கள் பெருமையாக விளம்பரப்படுத்தின. ஆனால் பத்துப் படங்கள் கொண்ட ஒரு பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறந்தாலே பதினொரு ஹிட் பதிவாகும்: பக்கத்துக்கு ஒன்று, படங்களுக்குப் பத்து. படங்களைக் கூட்டினாலே கணக்கு ஏறிவிடும் நிலையில், அந்த எண் தளத்தின் தரத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

பார்வையாளர் தம் கருத்தை எழுதி அனுப்ப வழி செய்தது வலைப்படிவம். 1993-இல் மொசைக் உலாவியில் இடம்பெற்ற படிவ வசதி, 1995 நவம்பரில் ஹெச்டிஎம்எல் 2.0 தரநிலையில் முறைப்படுத்தப்பட்டது. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 1994 ஜனவரியில் தொடங்கிய இணையப் பயனர் கணக்கெடுப்பு, இவ்வசதியைப் பெரிய அளவில் பயன்படுத்திய முன்னோடி முயற்சி. இத்துறையை இன்றுவரை விடாத சிக்கல் ஒன்றும் அதிலேயே இருந்தது. விரும்பியவர் மட்டுமே படிவத்தை நிரப்பினர். மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் கோபம் கொண்டவரும் எழுதுவார்கள். தேடியது கிடைக்காமல் பேசாமல் வெளியேறியவர் எழுதமாட்டார்.

ஐந்து பேர் போதுமா?

படிவம் எட்டாத இடத்தை நேரடிக் கவனிப்பு எட்டியது. தளத்தைப் பயன்படுத்துபவர் அருகில் அமர்ந்து, அவர் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்து குறித்துக்கொள்வது அந்த முறை. யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு குறைகளை வெளிக்கொணர்கிறார் என்று கணக்கிட்டனர். அதன்படி ஐந்து பேரைக் கவனித்தால் சுமார் 85 விழுக்காடு குறைகள் தெரிந்துவிடும். நீல்சன் 2000-இல் இதை எளிய பரிந்துரையாகவே எழுதினார்.

அடுத்த ஆண்டே ஜேரட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் இதனை மறுத்தனர். நான்கு விற்பனைத் தளங்களை 49 பேரைக் கொண்டு சோதித்த அவர்கள், முதல் ஐந்து பேரிடமிருந்து 35 விழுக்காடு குறைகளே வெளிப்பட்டதாகக் காட்டினர். இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று ஒழித்துவிடவில்லை. ஒரே வேலையைச் செய்யும் சிறிய தளத்துக்கு ஐந்து பேர் போதலாம். ஆளுக்கொரு பொருளைத் தேடி வரும் பெரிய கடைத்தளத்துக்குப் போதாது. எப்படியாயினும், ஐவரைக் கவனித்துத் திருத்தி, மீண்டும் ஐவரைக் கவனிப்பது ஒரே தடவையில் நூறு பேரிடம் கேட்பதைவிடப் பயன் தரும்.

ஒற்றை எண்ணின் ஆட்சி

2003 டிசம்பரில் ஃபிரெட் ரெய்க்ஹெல்டு ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் ஒரே கேள்வியை முன்வைத்தார்: எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா? விடை 0 முதல் 10 வரை. 9, 10 தருபவர் ஆதரவாளர். 6-உம் அதற்குக் கீழும் தருபவர் அதிருப்தியாளர். முன்னவரின் விழுக்காட்டிலிருந்து பின்னவரின் விழுக்காட்டைக் கழித்தால் ‘என்பிஎஸ்’ என்னும் மதிப்பெண் வரும்.

கணக்கு எளிமையாக இருந்ததால் இம்முறை வேகமாகப் பரவியது. அதன் பலவீனமும் அந்தக் கணக்கிலேயே உள்ளது. ஒரு தளத்துக்கு எல்லோரும் 0 கொடுத்தால் மதிப்பெண் −100. நிறுவனம் பாடுபட்டுத் திருத்தி, எல்லோரும் 6 கொடுக்கும் நிலைக்கு வந்தாலும் அதே −100தான். முன்னேற்றம் நடந்திருப்பதையே இந்த எண் மறைத்துவிடும். நிறுவன வளர்ச்சியை முன்கூட்டிச் சொல்ல இதுவே தலைசிறந்த அளவை என்ற கூற்றையும் திமோதி கெய்னிங்காம் குழுவினர் 2007-இல் ஆராய்ந்து, அதற்கு ஆதாரம் இல்லை என்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பக்கத்தில் எதை மாற்ற வேண்டும் என்று இந்த எண் சொல்வதில்லை.

வந்த காரியம் முடிந்ததா?

இக்குறையைத் தீர்க்கும் வகையில் அவினாஷ் கௌஷிக் 2007-இல் மூன்று கேள்விகளைப் பரிந்துரைத்தார்: எதற்காக வந்தீர்கள்? வந்த வேலை முடிந்ததா? முடியவில்லை என்றால் ஏன்? மூன்றாவது கேள்விக்குப் பயனர் தம் சொற்களிலேயே விடை எழுத வேண்டும்.

இந்தக் கோணத்தின் வலிமையை, ஸ்பூல் 2009-இல் விவரித்த ஒரு நிகழ்வு காட்டுகிறது. பெரிய விற்பனைத் தளம் ஒன்றில், பொருள்களைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டப் போகும்போது ஒரு சிறு படிவம் குறுக்கிட்டது: மின்னஞ்சலுக்கும் கடவுச்சொல்லுக்கும் இரண்டு கட்டங்கள், ‘உள்நுழை’, ‘பதிவு செய்’ என இரண்டு பொத்தான்கள். அடிக்கடி வாங்குவோருக்கு இது வசதி என்று வடிவமைத்தவர்கள் நம்பினர். ஸ்பூலின் குழுவினர், உண்மையில் பொருள் தேவைப்பட்டவர்களைத் தங்கள் பட்டியலுடன் வரவழைத்து, பணமும் கொடுத்து வாங்கச் சொல்லிக் கவனித்தனர். புதியவர்கள் பதிவுசெய்யச் சொன்னதையே வெறுத்தனர். பழைய வாடிக்கையாளர் பலருக்கோ எந்த மின்னஞ்சலில், எந்தக் கடவுச்சொல்லில் பதிவுசெய்தோம் என்பதே நினைவில்லை. கடவுச்சொல் கேட்டு நாளொன்றுக்கு 1,60,000 கோரிக்கைகள் வந்தன; கேட்டவர்களில் 75 விழுக்காட்டினர் வாங்காமலே போயினர். ‘பதிவு செய்’ பொத்தானை எடுத்துவிட்டு, வாங்குவதற்குக் கணக்குத் தேவையில்லை என்ற குறிப்புடன் ‘தொடர்க’ என்ற பொத்தான் வைக்கப்பட்டது. வாங்கியோர் எண்ணிக்கை 45 விழுக்காடு கூடியது. முதல் ஆண்டில் விற்பனை 30 கோடி டாலர் உயர்ந்தது என்பது ஸ்பூல் தரும் கணக்கு.

வாங்கி முடித்தவரிடம் மட்டும் ‘நிறைவா?’ என்று கேட்டிருந்தால் இக்குறை வெளிப்பட்டிருக்காது. சர்வர் பதிவேடு, மக்கள் எந்தப் பக்கத்தில் வெளியேறினர் என்பதைக் காட்டும். ஏன் வெளியேறினர் என்பதைக் காட்டாது.

முடிவுரை

இவ்வரலாற்றில் ஒவ்வொரு கருவியும் முந்தையதன் குறையை ஈடுசெய்யவே வந்தது. எதுவும் மற்றொன்றை முற்றிலும் அகற்றவில்லை. எண்ணிக்கை சிக்கல் எங்கே என்று சொல்லும். சஸ் போன்ற அளவுகோல் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட உதவும். காரணத்தைச் சொல்வது வாடிக்கையாளரின் சொல்லும் செயலுமே. அதைக் கேட்பதிலும் வரம்பு உண்டு: 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளும், இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எதற்காகத் தனிநபர் தகவலைப் பெறுகிறோம் என்று பயனருக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்கியுள்ளன.

சிறு நிறுவனங்கள் இதற்காகப் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை. ஒரே கேள்வித்தாளில் இருபது கேள்விகளை அடுக்குவதை விடுத்து, வந்த காரியம் முடிந்ததா, இல்லையென்றால் ஏன் என்ற இரண்டை மட்டும் கேட்கலாம். வாடிக்கையாளர் தமிழிலேயே எழுத இடம் தரலாம். வாங்கி முடித்தவரிடம் மட்டுமன்றி, பாதியில் திரும்புபவரிடமும் கேட்க வேண்டும். வந்த பதிலைக் கொண்டு எதையும் திருத்தப்போவதில்லை என்றால், கேட்காமல் இருப்பதே வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதை.