சாட்சியில்லாத சப்தம்

கொல்லிமலை என்றதும் தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஓரியின் வில்லும் பாவையின் சிரிப்பும் ஞாபகத்துக்கு வரும். எனக்கு இப்போதெல்லாம் அங்குள்ள சப்தம்தான் வருகிறது. அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாயகங்கை. ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிற இடம். அதையொட்டிய காட்டுக்குள் கோரக்கர், காலாங்கிநாதர் பேரில் குகைகளைக் காட்டுகிறார்கள். அமைதி தேடிப் போனவர்கள் என்று நாம் நம்புகிற சித்தர்களை, ஜனங்களின் ஞாபகம் இவ்வளவு பெரிய இரைச்சலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது.

திருமூலர் மூன்றாம் தந்திரத்தில், யோகியின் உள்ளே எழும் பத்து ஓசைகளைச் சொல்கிறார். மணியும் கடலும் வண்டும் சங்கும் அதில் உண்டு. இதே பட்டியலை ஒரு காது மருத்துவரிடம் பேர் சொல்லாமல் நீட்டினால் நோயாளியின் வாக்குமூலம் என்றே எடுத்துக்கொள்வார். சுசுருத சம்ஹிதையில் 28 காது நோய்களில் ஒன்று கர்ணநாதம். யோகி கேட்டதும் நோயாளி கேட்டதும் ஒன்றுதான் என்று நான் சாதிக்க வரவில்லை. வெளியில் யாருக்கும் கேட்காத ஓசையைப் பற்றி ஒருவர் சொல்லும்போது, சொல்பவர் யார் என்பதை வைத்தே அது சித்தியாகவோ வியாதியாகவோ அல்லது வெறும் பிரமையாகவோ அர்த்தம் கொள்கிறது. காதிரைச்சலின் வரலாறு என்பது யாருடைய சொல் நம்பப்பட்டது என்பதன் வரலாறுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நவீன மருத்துவம் இந்த இடத்தில் வசமாக மாட்டிக்கொண்டது. பாரிஸில் லென்னெக் 1816இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். நோயாளி சொல்வதைவிட அவன் உடம்பு சொல்வதே மருத்துவருக்கு முக்கியம் என்றான காலம் அது. ஃபூக்கோ 1963இல் எழுதிய மருத்துவமனையின் பிறப்பு பற்றிய நூல் பேசுவது இந்த இடப்பெயர்ச்சியைத்தான். ஆனால் குழாயை எங்கே வைத்தாலும் காதிரைச்சல் பெரும்பாலும் மருத்துவருக்குக் கேட்பதில்லை. அதே நகரத்தில் 1821இல் காது நோய்கள் பற்றிய தன் நூலை வெளியிட்ட இத்தார் (இளமையில் ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தவர்) வேறு வழியில் போனார். நோயாளி சொன்ன சப்தத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதற்கு இணையான வெளிச்சப்தத்தைத் தேடினார்: அடுப்பில் விறகு வெடிப்பது, பாத்திரத்தில் தண்ணீர் விழுவது. அவருடைய நோயாளி ஒருவர் நீராலை ஒன்றுக்கே குடிபோய்த் தூங்கியிருக்கிறார். ஒலி சிகிச்சையின் தொடக்கம் இது.

பீரங்கிதான் இந்த நோயைப் பெருவாரியாக உற்பத்தி செய்தது. உள்காதில் சுமார் 15,000 மயிரணுக்கள். வெடிச்சப்தத்தில் செத்தவை திரும்ப முளைப்பதில்லை. வரவு குறைந்த மூளை தன் பங்குக்கு ஒலிப்பெருக்கியைத் திருகி ஏற்றுகிறது. அந்த இரைச்சல்தான் கேட்கிறது என்பது இன்றைய பரவலான விளக்கம். 1999 கார்கில் போரில் இந்தியத் தரப்பு சுமார் 2,50,000 குண்டுகளையும் ராக்கெட்டுகளையும் சுட்டதாகக் கணக்கு. நாம் அதை வெற்றியின் கணக்காகவே படித்தோம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் சில ஜோடிக் காதுகள் இருந்ததை யோசிக்கவில்லை.

அந்தக் காதுகளில் ஒரு ஜோடியை நான் செம்மேட்டுத் தேநீர்க் கடை ஒன்றில் சந்தித்தேன். பீரங்கிப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். "பகல்ல ஒண்ணும் தெரியாது தம்பி. ராத்திரி ஊர் அடங்குனதும் ஆரம்பிச்சுடும். டாக்டர் காதுல லைட் அடிச்சுப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டாரு. தகரத்து மேல மழை பேஞ்சா மட்டும் நல்லாத் தூங்குவேன்" என்றார். இத்தாரை அவர் படித்திருக்க நியாயமில்லை.

மழைக்குப் பதிலாகக் கருவியை வைத்தது அமெரிக்கா. 1953இல் ஹெல்லரும் பெர்க்மனும் நல்ல காதுள்ள 80 பேரை ஒலிபுகா அறையில் உட்கார வைத்தபோது 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சப்தத்தைக் கேட்டதாகச் சொன்னார்கள். ஆக, நிசப்தம் என்பதே ஒரு கட்டுக்கதை. 1970களில் போர்ட்லாந்து நகரத்து நீரூற்று ஒன்றின் பக்கத்தில் போனபோது உடன் வந்த மருத்துவருக்குக் காதிரைச்சல் கேட்காமல் போனதைக் கவனித்து, ஜாக் வெர்னன் காதில் மாட்டும் மறைப்பொலிக் கருவிக்கு வந்து சேர்ந்தார். 1990இல் ஜாஸ்ட்ரெபாஃப் ஒரு படி மேலே போனார்: சப்தத்தை மறைக்க வேண்டாம், மெல்லிய ஒலியோடு அதைக் கலந்து விட்டு, பயப்படத் தேவையில்லை என்று மூளைக்குப் பழக்க வேண்டும். இன்று அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் அதிகமான முன்னாள் ராணுவத்தினர் காதிரைச்சலுக்காக ஈட்டுத்தொகை பெறுகிறார்கள்.

ஆனால் 2019இல் வெளியான ஒரு சோதனை என்னை யோசிக்க வைத்தது. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில், ராணுவத்தினரும் குடும்பத்தினருமாக 151 பேர். ஒரு பிரிவுக்கு ஒலிக்கருவி, ஒன்றுக்குப் பார்வைக்கு அதேபோன்ற போலிக்கருவி, மூன்றாவதுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். மூன்றிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் குறிப்பிடத்தக்க நிவாரணம். பிரிவுகளுக்கிடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒலி சிகிச்சை தோற்றது என்று சிலர் இதை வாசிக்கலாம். மூன்று பிரிவுக்கும் பொதுவாக இருந்தது எது என்று பார்க்கிறேன் நான்: ஒருவர் எதிரில் உட்கார்ந்து, 'உனக்குக் கேட்கிறது என்பது நிஜம்' என்று எடுத்துக்கொண்டு பேசியது. இது என் வாசிப்பு, புள்ளிவிவரம் அல்ல. தவிர, மழையில் தூங்குகிறவரை எந்தச் சோதனை முடிவும் எழுப்பப் போவதில்லை.

இங்கே நிலைமை வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. செவித்திறன் அதில் டெசிபலால் அளக்கப்படுகிறது: இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பிலிருந்துதான் கணக்கு ஆரம்பம். அதாவது கேட்காததற்குத்தான் அளவுகோல். கேட்கக் கூடாதது கேட்டுக்கொண்டே இருப்பதற்கு அந்த அட்டவணையில் தனியாக ஒரு வரிகூட இல்லை.