மது சூதன்

மது சூதன் (பிறப்பு: செப்டம்பர் 12, 1966, சென்னை) ஓர் இந்திய-அமெரிக்கக் கணினியியல் அறிஞர் ஆவார். கணிமைச் சிக்கல்தன்மைக் கோட்பாடு, பிழைதிருத்தக் குறிமுறைகள் ஆகிய துறைகளில் இவரது ஆய்வுகள் பரவலாக மேற்கோள் காட்டப்படுகின்றன.

கல்வியும் பணியும்

1987 இல் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இளநிலைப் பட்டமும், 1992 இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் (பெர்க்லி) முனைவர் பட்டமும் பெற்றார். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், மைக்ரோசாப்ட் ஆய்வகம் ஆகியவற்றில் பணியாற்றி, 2015 இல் ஆர்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

ஆய்வுகள்

உரிய வடிவில் எழுதப்பட்ட ஒரு நிறுவலை முழுதும் படிக்காமல், எழுமாறாகத் தெரிந்தெடுத்த சில பிட்டுகளைக் கொண்டே, அது சரியா என்பதை உயர் நிகழ்தகவுடன் அறியலாம். அரோரா, லுண்ட், மோத்வானி, செகெடி ஆகியோருடன் 1992 இல் இவர் இதனை நிறுவினார். பி, என்பி வகுப்புகள் வெவ்வேறானவை எனக் கொண்டால், சில சிக்கல்களுக்குத் தோராயத் தீர்வு காண்பதும் ஓர் எல்லைக்கு மேல் கடினம் என்பது இதன் விளைவாகும்.

குறுந்தட்டுகளில் பயன்படும் ரீடு-சாலமன் குறிமுறையில், வழமையான வரம்பைக் கடந்தும் பிழைகளைக் கையாளும் பட்டியல்வழிக் குறிவிலக்க முறையை 1997 இல் வெளியிட்டார். இவருடைய மாணவரும் சென்னை ஐஐடியில் பயின்றவருமான வெங்கடேசன் குருசாமியுடன் இணைந்து 1999 இல் அதனை மேம்படுத்தினார்.

தாக்கம்

ஒரு சிக்கலின் தோராயத் தீர்வு கடினம் என நிறுவும் கட்டுரைகள் பலவற்றுக்கு 1992 ஆம் ஆண்டு முடிவே அடிப்படையாகும். எனினும், பாடநூல்களில் இடம்பெற்றுவிட்ட கருத்துக்கு மூலக்கட்டுரையை எவரும் சுட்டாமல் விடுவதுண்டு. ஆகவே மேற்கோள் எண்ணிக்கை மட்டும் முழு அளவுகோல் ஆகாது.

விருதுகள்

கோடல் பரிசு (2001, பிறருடன்)
நெவான்லின்னா பரிசு (2002)
இன்போசிஸ் பரிசு (2014)