வெளுத்த சாயம், ஏறிய மதிப்பு: அமெரிக்க மின்கிட்டார் மேற்பூச்சுகள் மூத்த வரலாறு

ஒருவருடைய சாயம் வெளுத்துவிட்டது என்றால், அவர் போலி என்பது அம்பலமாகிவிட்டது என்று தமிழில் பொருள். 1950களின் அமெரிக்க மின்கிட்டார்களைச் சேகரிப்போரிடம் இந்த வழக்கு தலைகீழாகிறது. சாயம் வெளுத்திருப்பதை அவர்கள் அசலுக்கு முதல் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். கிப்சன் நிறுவனம் 1958 முதல் 1960 வரை செய்த லெஸ் பால் ஸ்டாண்டர்டு கிட்டாரில் ஓரத்துச் சிவப்பு கரைந்திருக்கும் அளவுக்கேற்பத் தனித்தனிப் பெயர்களே உண்டு: டீ பர்ஸ்ட், ஹனி பர்ஸ்ட், லெமன் டிராப், சிவப்பே மிஞ்சாவிட்டால் அன்பர்ஸ்ட். ஆனால் இதே வெளுப்பு 1960இல் தொழிற்சாலைக்குள் ஒரு குறையாகக் கருதப்பட்டுத் திருத்தப்பட்டது. அந்தக் குறை அசலின் அடையாளமாகி, பிறகு தொழிற்சாலையே செய்து விற்கும் சரக்காகவும் ஆன பாதையை இக்கட்டுரை தொடர்கிறது.

காரிலிருந்து வந்த பூச்சு

லாக்கர் என்ற சொல்லின் வேர் நம் பக்கத்தது. அரக்கைக் குறிக்கும் ‘லாக்ஷா’ என்ற சமஸ்கிருதச் சொல்தான் போர்த்துக்கீசியரின் நாவில் ஏறி ஐரோப்பா சென்றது. மர இசைக்கருவிகளுக்கு நெடுங்காலம் பூசப்பட்டவையும் அரக்கை ஆல்கஹாலில் கரைத்த வார்னிஷும் எண்ணெய் வார்னிஷும்தான். 1920களின் தொடக்கத்தில் கிப்சனின் மாண்டலின்களும் வார்னிஷ் பூசியே வெளிவந்தன. மாற்றம் மோட்டார் வாகனத் தொழிலிலிருந்து வந்தது. டியூபாண்ட் நிறுவனத்தின் ‘டியூகோ’ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், 1924ஆம் ஆண்டு மாடல் ஓக்லண்ட் கார்களில் நீல நிறமாக அறிமுகமானது. அதுவரை ஒரு காருக்கு வண்ணம் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். புதிய லாக்கரைத் தெளிப்பானால் அடித்தால் விரைவில் உலர்ந்தது. அந்தப் பத்தாண்டிலேயே மிச்சிகன் மாநிலத்தின் கலாமசூ நகரிலிருந்த கிப்சனும் அதற்கு மாறியது.

நைட்ரோசெல்லுலோஸ் என்பது பருத்தி போன்ற நாரை நைட்ரிக், சல்பூரிக் அமிலக் கலவையில் தோய்த்துப் பெறும் பொருள். இதன் நெருங்கிய உறவுகளில் ஒன்று வெடிமருந்து. மற்றொன்று பழைய திரைப்படச் சுருள். அந்தச் சுருள்களை மஞ்சளித்து நொறுங்க வைத்த வேதிவினையே கிட்டாரின் மேலும் நிகழ்கிறது. நைட்ரேட் தொகுதிகள் மெல்லப் பிரிந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகி, ஈரத்தோடு கூடி அமிலமாகின்றன. அந்த அமிலம் மேலும் சிதைவைத் தூண்டுகிறது. வெளிச்சமும் வெப்பமும் இதை முடுக்கும், ஆனால் இருட்டுப் பெட்டிக்குள்ளும் இது நிற்பதில்லை. பூச்சுக்கு நெகிழ்வு தரும் பிளாஸ்டிசைசரும் காலப்போக்கில் வெளியேறிவிட, படலம் சுருங்கி விறைக்கிறது. அடியிலுள்ள மரமோ பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்குகிறது. பனிக்காலத்தில் வெளியே கிடந்த கிட்டாரைச் சூடான அறைக்குள் கொண்டுவந்து உடனே பெட்டியைத் திறந்தால், மயிரிழை வெடிப்புகள் சரசரவென்று ஓடும். இதைச் ‘செக்கிங்’ என்பார்கள். நம் மரவேலைப் பட்டறைகளில் ‘என்.சி.’ என்று சொல்லப்படுவதும் இந்த லாக்கர் குடும்பம்தான். கதவிலும் அலமாரியிலும் அது மஞ்சளிப்பதை யாரும் கொண்டாடுவதில்லை.

நிற்காத சிவப்பு

1952இல் வெளிவந்த முதல் லெஸ் பால் கிட்டார்களின் மேல்புறம் பொன்னிறம். அந்தப் பொன்னில் தங்கம் கிடையாது. லாக்கரில் கலந்த வெண்கலத் தூள் அது. முழங்கையும் மணிக்கட்டும் உரசும் இடங்களில் மேல்படலம் தேய, தூளிலுள்ள செம்பு வியர்வையைச் சந்தித்தது. விளைவு, துலக்காத செம்புப் பாத்திரத்தில் ஏறும் அதே பச்சைக் களிம்பு. இதை நான் அடிக்குறிப்புக்குரிய செய்தியாகவே கருதுகிறேன். உண்மையான கதை 1958இல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு, பொன்னிறத்தைக் கைவிட்டு மேப்பிள் மரத்தின் வரி தெரியும்படியான சன்பர்ஸ்ட் பூச்சுக்குக் கிப்சன் மாறியது. நடுவில் மஞ்சள், ஓரத்தை நோக்கிச் செல்லச் செல்லச் செர்ரிச் சிவப்பு, அனைத்துக்கும் மேல் நிறமற்ற லாக்கர். மரம் தெரிய வேண்டுமானால் நிறம் ஒளியை ஊடுருவவிட வேண்டும். எனவே ஒளிபுகா நிறமிகளுக்குப் பதிலாகக் கரையும் அனிலின் சாயங்கள் பயன்பட்டன. சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நிறமியில் மூலக்கூறுகள் துகள்களாகத் திரண்டிருப்பதால் வெளியடுக்கு உள்ளடுக்குக்குக் குடைபிடிக்கும். கரைந்த சாயத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் ஏறக்குறையத் தனியாக நிற்கிறது. புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் அதன் பிணைப்புகளை முறித்தால் அது நிறமிழக்கிறது. இழந்த நிறம் திரும்புவதில்லை. பட்டுப்புடவையை நிழலில் உலர்த்தச் சொல்லும் பாட்டிமாருக்கு இந்த வேதியியல் பெயரில்லாமலே தெரிந்திருந்தது. கிப்சனின் மஞ்சள் ஓரளவு தாக்குப்பிடித்தது, சிவப்பு தோற்றது.

கிப்சனின் பதிவேடுகளின்படி 1959இல் 643 லெஸ் பால் ஸ்டாண்டர்டுகளும் 1960இல் 635உம் வெளியே சென்றன. தொழிற்சாலையில் ஒத்த நிறத்தில் இருந்திருக்க வேண்டிய இவற்றில் இன்று இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உடன்பிறப்புகள் என்று சொல்ல முடியாது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மாதக்கணக்கில் தொங்கியது எலுமிச்சை மஞ்சளாகிவிட்டது. வாங்கியவர் சில வாரங்களில் ஆர்வம் இழந்து கட்டிலுக்கடியில் தள்ளியது பழச்சிவப்பாகவே இருக்கிறது. ஒளியின் பாதிப்பு கணக்கில் கூடிக்கொண்டே போவது. இடையில் இருட்டில் வைத்தால் கூட்டல் நிற்குமே தவிரக் கழிவதில்லை. மீட்டும்போது மேற்புறம் கீறாமல் காக்கும் தகடான பிக்கார்டைக் கழற்றினால் அதன் நிழல் மரத்தில் அப்படியே பதிந்திருக்கும். கைக்கடிகாரத்தைக் கழற்றியபின் மணிக்கட்டில் தெரியும் பட்டையைப் போல. ஒரு கிட்டாரின் முதல் நாள் நிறம் என்ன என்ற கேள்விக்கு, விளம்பரப் பட்டியலின் அச்சு நிறத்தைவிட இந்த நிழலே நம்பகமான ஆவணம் என்பது என் கருத்து.

கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீன் வாசித்து, பின்னர் கேரி மூரிடமும் 2014இல் கிர்க் ஹாமெட்டிடமும் சென்ற 1959 லெஸ் பால் இவ்வகையில் புகழ்பெற்றது. இன்று அதில் ஓரத்துச் சிவப்பைத் தேடித்தான் காண வேண்டும். 1960இல் கிப்சன் எளிதில் வெளுக்காத வேறொரு சிவப்புக்கு மாறியது. அது வென்றது, இன்றும் நிற்கிறது. அதற்குச் சேகரிப்போர் வைத்த பெயர் ‘தக்காளி சூப்’. நன்றி சொல்லும் பெயர் அல்ல.

நீலம் பச்சையான விதம்

கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் இயங்கிய ஃபெண்டர் நிறுவனமும் இதே தடுக்கலைச் சந்தித்தது. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் இரு நிறச் சன்பர்ஸ்டில் 1958இல் சிவப்பு சேர்க்கப்பட்டது. அந்தத் தொடக்கச் சிவப்பு வெளுத்துவிட்டதால், மூன்று நிறங்களோடு பிறந்த பல கிட்டார்கள் இன்று பழைய இரு நிறத்தவைபோல் தோன்றுகின்றன.

ஃபெண்டரின் தனி அனுபவம் வேறு. அது கார் வண்ணங்களை நேரடியாக வாங்கிப் பூசியது. லேக் பிளாசிட் புளூ காடிலாக்கின் நிறம். ஃபியெஸ்டா ரெட் ஃபோர்டு தண்டர்பேர்டினுடையது. சில டியூகோ, சில டியூபாண்டின் அக்ரிலிக் லாக்கரான ‘லூசைட்’. காரின் வெயிலுக்கென்றே செய்த நிறமிகள் என்பதால் இவை பெரும்பாலும் வெளுக்கவில்லை. ஆனால் மினுக்குக்காக அவற்றின்மேல் பல நேரங்களில் நிறமற்ற நைட்ரோசெல்லுலோஸ் அடிக்கப்பட்டது, அந்தப் படலம் மஞ்சளித்தது. மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நீலம் பச்சையாகும், வெள்ளை வெண்ணெய் நிறமாகும். சானிக் புளூ கடல்பச்சையாகவும் ஒலிம்பிக் வைட் பாலேட்டு நிறமாகவும் தெரிவது இதனால்தான். கிப்சனின் பெல்ஹாம் புளூவுக்கும் இதே கதி. ஆக, ‘நிறம் மாறிவிட்டது’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு எதிரெதிர் நிகழ்வுகள் ஒளிந்திருக்கின்றன: ஒன்றில் நிறம் கழிகிறது, மற்றதில் நிறம் கூடுகிறது. சேகரிப்பு நூல்கள் இவ்விரண்டையும் ஒரே கூடையில் போடுவது வழக்கம், அது சரியல்ல.

1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது. 1968வாக்கில் தடித்த பாலியெஸ்டர் பூச்சு வந்தது. அது எளிதில் வெடிக்காது, மரத்தோடு சேர்ந்து மூப்படையாது. அக்காலக் கழுத்துகளில் ஒரு விநோதம் உண்டு. சின்னம் ஒட்டிய தலை முகப்புக்கு மட்டும் பழைய நைட்ரோசெல்லுலோஸே தொடர்ந்தது. பாலியெஸ்டர் அந்த ஒட்டுச் சின்னத்தோடு ஒத்துப்போகவில்லை. விளைவாக ஒரே மரத்துண்டில் முகப்பு தேன் நிறமாக மூத்திருக்க, பின்புறம் நேற்றுச் செய்ததுபோல் வெளிறி நிற்கும். இரு பூச்சுகளின் வேறுபாட்டைக் காட்ட இதைவிடத் தெளிவான சோதனையை ஆய்வகத்திலும் அமைக்க முடியாது.

குறை சரக்கானது

சன்பர்ஸ்ட் லெஸ் பால் அதன் காலத்தில் சரியாக விற்கவில்லை. 1961இல் வேறு வடிவம் அதன் இடத்தைப் பிடித்தது. ஜான் மேயாலின் குழுவோடு எரிக் கிளாப்டன் இந்த வகைக் கிட்டாரில் 1966இல் பதிவு செய்த இசைத்தட்டுக்குப் பிறகே பழையவற்றைத் தேடும் வேட்கை பெருகியது. 1968இல் கிப்சன் பழைய வடிவத்தை மீண்டும் செய்யத் தொடங்கியது. ஆனால் புதிய கிட்டார் புதிய நிறத்தில் இருந்ததுதான் வாங்குவோரின் மனக்குறை. அவர்கள் மேடைகளிலும் படங்களிலும் பார்த்துப் பழகியது முதல் நாள் நிறத்தை அல்லவே. மறுபதிப்புகள் 1990களில் வெளுத்த மஞ்சளையே மூலமாகக் கொண்டன. ஃபெண்டர் 1995இல் ‘ரெலிக்’ வரிசையை வெளியிட்டது: தேய்த்து, உரித்து, மஞ்சளிக்க வைத்த புத்தம்புதிய கிட்டார்கள். கிப்சனுக்காக டாம் மர்பி லாக்கரில் வெடிப்புக் கோடுகளைக் கையாலேயே உருவாக்கினார். ஒரு தலைமுறைக்கு முன் பூச்சுக்கூடம் ஒழிக்கப் பாடுபட்டவற்றுக்கு இப்போது கூடுதல் விலை.

இதனால் கண் நம்பகமற்ற சாட்சியாகிவிட்டது. பழைய கிட்டாரைச் சோதிப்பவர்கள் இன்று அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் பிடிக்கிறார்கள். மூத்த நைட்ரோசெல்லுலோஸ் அதில் மங்கிய மஞ்சள்பச்சையாக ஒளிரும். பின்னாளில் ஒட்டுப்போட்ட இடம் பெரும்பாலும் இருண்டு காட்டிக்கொடுக்கும். சிவப்பைத் தின்ற அதே கதிர்தான். அதனால் சோதனை முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள்.