புதுச்சேரியில் பிரெஞ்சு முகமன் சொற்கள்

புதுச்சேரியில் பிரெஞ்சு கற்கத் தொடங்குவோருக்கு முதல் பாடம் முகமன் சொற்கள்தாம். பகலில் சந்தித்தால் 'போன்ழூர்', மாலையில் 'போன்சுவார்', நன்றிக்கு 'மெர்சி', வேண்டிக் கேட்க 'சில் வூ ப்ளே', விடைபெற 'ஒ ருவார்'. 1826இல் தொடங்கிய லிசே பிரான்சே பள்ளியும் 1889இல் நிறுவப்பட்ட அலியான்ஸ் பிரான்சேஸும் இங்கே தலைமுறைகளாக இம்மொழியைக் கற்பித்து வருகின்றன. தமிழருக்கு நாக்குதான் தடை என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் பேச்சுத் தமிழில் 'மரம்', 'அவன்' போன்ற சொற்களின் கடைசி மெய் தேய்ந்து, அதற்கு முந்தைய உயிர் மூக்கொலியாகிவிடுகிறது. 'போன்' என்பதிலும் ஏறத்தாழ அதுவே நிகழ்கிறது. தொண்டையில் உரசும் ரகரத்துக்கும், ழகரமாக எழுதினாலும் நாக்கை மடக்காமல் 'ஷ'வைக் குரல் அதிரச் சொல்லும் ஒலிக்கும்தான் பயிற்சி வேண்டும். உண்மையான தடை பழக்கத்தில் இருக்கிறது.

எதை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில் இரு மொழிகளும் வேறுபடுகின்றன. கடைக்குள் நுழைபவர் தமிழில் 'அண்ணே, அரை லிட்டர் பால் குடுங்க' என்றே தொடங்கலாம்; 'அண்ணே'யும் 'ங்க'வும் மரியாதையைச் சுமந்துவிடும். பிரெஞ்சிலோ எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், முதலில் 'போன்ழூர்' சொல்லாவிட்டால் முரட்டுத்தனமாகவே படும். அதோடு 'மிசியே', 'மதாம்' சேர்ப்பது நல்லது. முன்பின் அறியாதவரிடம் உறவுச்சொல்லின் இடத்தை அவை ஓரளவு நிரப்பும். நம்மிடமும் 'வணக்கம்', 'நன்றி' இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் மேடைக்கும் அலுவலகத்துக்கும் உரியவை. தண்ணீர் கொண்டுவந்த தங்கைக்கு 'நன்றி' சொன்னால் அவளை வேற்றாளாக்கியதுபோல் ஆகும். பிரெஞ்சு வீட்டில் அதே தங்கைக்கு 'மெர்சி' சொல்வதுதான் இயல்பு.

'நீ', 'நீங்கள்' வேறுபாடு தெரிந்தவருக்கு 'து', 'வூ' எளிது என்பதும் பாதி உண்மையே. தமிழில் இவ்வேறுபாடு பெரும்பாலும் ஒருவழிப் பாதை: தாத்தா பேரனை 'நீ' என்பார், பேரன் 'நீங்க' என்பான். இன்றைய பிரெஞ்சில் இது பெரும்பாலும் இருவழி. குடும்பத்தில் எல்லோரும் 'து', புதிதாகச் சந்திக்கும் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் 'வூ'. வயது இங்கே அளவுகோல் அன்று, நெருக்கமே அளவுகோல்.

சுற்றுலாப் பயணிகளிடம் ஆங்கிலம் போதுமே என்ற மறுப்பும் எழும். கடைத்தெருவுக்குப் போதும்தான். ஆனால் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த 1956ஆம் ஆண்டு ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்ததையொட்டிப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்களின் வழியினர் இன்றும் இந்நகரில் வாழ்கிறார்கள். பலருடைய உறவினர் பிரான்சில் இருக்கிறார்கள். இத்தகைய குடும்பங்களில் இம்மொழி அயலாரோடு மட்டும் பேசுவதற்கானதன்று. பிரான்சில் வளர்ந்த பேத்தி பாட்டியைத் 'து' என்று அழைத்தால் அது அவமரியாதை இல்லை என்பதைப் பாட்டியும், அதே பேத்தி தமிழில் பேசும்போது 'நீங்க' சொல்ல வேண்டும் என்பதைப் பேத்தியும் அறிந்திருக்க வேண்டும்.