பிள்ளை பகா எண்கள்

பிள்ளை பகா எண்கள் என்பவை, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் (அன்று தென்னார்க்காடு, இன்று கடலூர் மாவட்டம்) 1929 முதல் 1941 வரை பணியாற்றிய கணிதர் எஸ். எஸ். பிள்ளையின் (1901–1950) பெயரால் வழங்கும் பகா எண்கள். 1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி (குறியீடு: எண்ணை அடுத்து '!'), 1 கூட்டி, வருவதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு காரணியையும் அந்த எண்ணால் வகுக்கும்போது மீதி 1 தானா? பல்கலைக்கழகம் தோன்றிய மறு ஆண்டு, 1930-இல், பிள்ளை எழுப்பிய கேள்வி இது. விடை, இல்லை. மீதி 1 வராத பகா எண்களுக்கே அவர் பெயர் நிலைத்தது.

மீதி 1 தான் என்ற ஊகம் வெறும் ஆசையில் பிறந்ததன்று. 5!+1 = 121 = 11×11; 6!+1 = 721 = 7×103; 7!+1 = 5041 = 71×71. எங்கும் மீதி 1. 8-இல் உடைகிறது: 40321 = 61×661; இரண்டுக்கும் மீதி 5. இவ்வகையில் மிகச் சிறிய பகா எண் 23. 14!+1, 18!+1 இரண்டையும் அது வகுப்பதைக் கணிதர் சௌலா கண்டார். 18!+1-ஐச் சரிபார்க்கத் தாளும் வேண்டாம். வில்சன் தேற்றப்படி 22!+1, 23-ஆல் வகுபடும். 22, 21, 20, 19 ஆகியவை 23-க்கு முறையே 1, 2, 3, 4 குறைவு; எனவே அவற்றின் பெருக்கம் 24 தரும் மீதியையே, அதாவது 1-ஐயே, தருகிறது. அந்த நான்கையும் விட்டாலும் மீதி மாறாது; ஆகவே 18!+1-உம் வகுபடும். 14!+1-இன் மற்றக் காரணி 3790360487 என்னும் பத்திலக்கப் பகா எண். 14-ஆல் வகுத்தால் மீதி 11. எனவே அதுவும் பிள்ளை பகா எண்ணே.

எட்டாம் படியிலேயே சறுக்கும் ஊகத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்கலாம். எந்த நேர்ம முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்று 1940-இல் நிறுவியவருக்கு இது சிறு புகழ்தான். ஆனால் இதே ஒழுங்கு வேறொரு குடும்பத்தில் மெய்யாகவே உண்டு. 2-ஐ ஒரு பகா எண் அடுக்குக்கு உயர்த்தி, வருவதில் 1 குறைத்தால், வரும் எண்ணின் ஒவ்வொரு பகாக் காரணியும் அடுக்கால் வகுக்கும்போது மீதி 1 தரும். 2047 = 23×89; இரண்டுக்கும் 11-ஆல் மீதி 1. இங்கே 23 அடங்கி நடக்கிறது, அங்கே மீறுகிறது. 2024-இல் இதே வடிவில் கண்டறிந்த, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணைத் தேடியவர்கள் பொருந்தாத அடுக்குகளை முதலிலேயே கழித்துக்கட்ட உதவியது இந்த விதிதான். அது பெருக்கல் குடும்பத்திலும் செல்லுமா என்று கேட்டது இயல்பு. செல்லாது என்றதும் அடுத்த கேள்வி, மீறுபவை எத்தனை என்பது. அவை முடிவிலி என்பதற்கான நிறுவலை ஜி. ஈ. ஹார்டியும் (இராமானுஜனின் ஹார்டி அல்லர்) எம். வி. சுப்பாராவும் 2002-இல் வெளியிட்டனர்.