வாக்குரிமையும் பள்ளிப்படியும்

ஒருவர் வாக்களிக்கச் செல்வதும் செல்லாதிருப்பதும் அவர் பிறந்த வீடு, அவ்வீட்டின் வருவாய், பயின்ற பள்ளி ஆகியவற்றைப் பொறுத்தவை என்பர் அறிஞர். நம் செங்கற்பட்டின் வரலாற்றை நோக்கின், இவை ஒரு காலத்தில் வாக்குரிமையையே அளந்த கோல்களாய் இருந்தமை புலனாகும்.

இம்மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்ஹீர், நிலமும் மனையும் கல்வியுமின்றிப் பண்ணையாள்களாய் உழன்ற மக்களின் நிலையை 1891-இல் அரசுக்கு எடுத்துரைத்தார். அதன் பயனாய் 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அம்மக்களுள் ஒருவரே மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் கற்ற நாளில், ஏறத்தாழ 400 மாணவருள் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் அந்தணர் என்றும், தம் குலம் வெளிப்படுமோ என அஞ்சித் தாம் ஒதுங்கியே இருந்ததாகவும் அவர் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் குறித்துள்ளார்.

1919-ஆம் ஆண்டுச் சட்டம் சொத்தும் வரியும் உடையோர்க்கே வாக்களித்தது. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தறிவையும் ஒரு தகுதியாக்கியது. எனினும் மக்களுள் ஏழில் ஒருவரே வாக்காளராயினர். வறுமையால் பள்ளிப்படி ஏறாத சிறுவன், வளர்ந்தபின் வாக்குச்சாவடியின் படியையும் ஏற இயலவில்லை. சீனிவாசனும் 1923-இல் சட்டமன்றம் புகுந்தது நியமனத்தாலேயே, தேர்தலால் அன்று. ஆகவேதான் 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அவரும் அம்பேத்கரும் வயதுவந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை வேண்டினர். 1945-இல் மறைந்த அவர், அது நிறைவேறியதைக் காணவில்லை.

1951-52 தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளராயினர். எழுதப்படிக்க அறியாதோர்க்குச் சின்னங்கள் வழிகாட்டின. அதன்பின் நிகழ்ந்தது சிந்திக்கற்பாலது. மேலைநாடுகள் பலவற்றில் கற்றோரும் செல்வரும் மிகுதியாய் வாக்களிக்க, இந்நாட்டிலோ ஏழையர் அவர்க்குச் சற்றும் பின்தங்கவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலம் முழுவதும் நூற்றுக்கு 72-க்கு மேற்பட்டோர் வாக்களித்திருக்க, கல்வியிற் சிறந்த சென்னையில் ஏறக்குறைய 59 பேரே வாக்களித்தனர். நியாயவிலைக் கடையையும் அரசு மருத்துவமனையையும் நம்பி வாழ்பவர்க்கு ஆட்சி அன்றாட வாழ்வின் செய்தி. மாமல்லபுரக் கரையின் மீனவர்க்கு மீன்பிடித் தடைக்கால உதவித்தொகையும் அத்தகையதே. பணங்கொடுத்து எதையும் பெறவல்லார்க்கோ அது தொலைவிலுள்ளது.

எனவே, நம் பிள்ளைகளைக் கற்பிக்கும் நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்வி வருவாயைத் தரும். பொதுவாழ்வில் பற்றைத் தானே தந்துவிடாது. தேர்தல் நாளில் தாயும் தந்தையும் எங்குச் செல்கின்றனர் என்பதைக் கண்டே குழந்தை அதனைக் கற்கிறது.